ஒருமுறை கற்கும் பறவையும் ஆண்டுதோறும் கற்கும் பறவையும்

1976ஆம் ஆண்டு ‘சயன்ஸ்’ இதழில் வெளிவந்த ஒரு சிறு கட்டுரை, பறவை மூளையைப் பற்றிய ஆராய்ச்சியின் போக்கையே மாற்றியது. எழுதியவர்கள் நியூயார்க் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃபெர்னாண்டோ நோட்டபோமும் அவருடைய மாணவர் ஆர்தர் ஆர்னால்டும். கேனரி, ஜீப்ரா ஃபின்ச் என்ற இரண்டு பாடும் பறவைகளின் மூளையை மெல்லிய சீவல்களாக வெட்டி, சாயமேற்றி, அளந்தார்கள். பாட்டுக்குப் பொறுப்பான நரம்பணுத் திரள்கள் பெண்ணைவிட ஆணிடம் பல மடங்கு பெரிதாக இருந்தன. முதுகெலும்புள்ள உயிர்களின் மூளையில் ஆண், பெண் வேறுபாடு இத்தனை வெளிப்படையாக அதற்குமுன் காட்டப்பட்டதில்லை.

அன்று ஒரே கட்டுரையில் இடம்பிடித்த இந்த இரண்டு பறவைகளும் அதன்பின் பாட்டைப் பற்றிய இரண்டு வேறு உண்மைகளுக்குச் சாட்சியாயின. இரண்டும் கேட்டுத்தான் பாடக் கற்கின்றன. இரண்டின் மூளையிலும் பாட்டுக்கான பாதை ஒன்றே. ஆனால் ஜீப்ரா ஃபின்ச் இளமையில் ஒரு பாட்டைக் கற்று அதை ஆயுள் முழுக்கப் பாடுகிறது. கேனரியோ ஆண்டுதோறும் தன் பாட்டைக் கலைத்து மறுபடி கட்டுகிறது. முதல் பறவைக்குக் காதின் வேலை இளமையோடு முடிந்துவிடும் என்றும், இரண்டாவதற்கு அது ஆயுள் முழுக்கத் தொடரும் என்றும் நினைப்பது இயல்பு. நாற்பது, ஐம்பது ஆண்டு ஆய்வுகள் சொல்வது வேறு. பாட்டு மாறுவதற்குக் காது எவ்வளவு வேண்டுமோ, மாறாமல் இருப்பதற்கும் அவ்வளவு வேண்டும். இந்த இரண்டு பறவைகளையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போதுதான் அது தெளிவாகப் புலப்படுகிறது.

இரண்டு வாழ்க்கை, இரண்டு பாட்டு

ஜீப்ரா ஃபின்ச் ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டுப் பறவை. அங்கே மழை எப்போது வரும் என்று சொல்ல முடியாது. மழை பெய்து புல் விதை விளைந்தால் உடனே கூடு கட்டும். ஆகவே குஞ்சுகள் விரைவாக வளர்ந்தாக வேண்டும். மூன்று மாதத்தில் இனப்பெருக்கத்துக்குத் தயாராகிவிடுகின்றன. கூட்டமாக வாழும் பறவை இது. பாட்டைக் கொண்டு எல்லையைக் காப்பதில்லை. பெண்ணைக் கவரவே பாடுகிறது.

நம் ஊர்ப் பறவைக் கடைகளில் ‘ஃபின்ச்’ என்று ஜோடியாக விற்கப்படும் பறவைகளில் இதுவும் உண்டு. ஆணை நெருங்கி நின்று கவனித்தால் ஆரஞ்சு நிறக் கன்னமும், கழுத்துக்குக் கீழே மெல்லிய கறுப்பு வரிகளும், சிவந்த அலகும் தெரியும். பெண்ணைக் கண்டதும் இறகைச் சிலிர்த்துக்கொண்டு, கிளைமேல் இங்கும் அங்குமாகத் தத்தியபடி நெருங்கும். முதலில் ஒரே மாதிரியான சில சிற்றொலிகள். தொடர்ந்து, மூன்றிலிருந்து எட்டு அசைகள் கொண்ட ஒரு கோவை. அந்தக் கோவை ஒரு நொடிக்குள், பெரும்பாலும் அரை நொடிக்குச் சற்று மேல், முடிந்துவிடும். உடனே அதே கோவை மறுபடியும், மறுபடியும். அசைகளின் வரிசை மாறாது. இன்று பதிவு செய்த பாட்டையும் அடுத்த ஆண்டு பதிவு செய்யும் பாட்டையும் ஒலிவரைபடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் ஏறத்தாழப் பொருந்தும். ஓர் ஆணுக்கு ஒரு பாட்டுதான்.

கேனரியின் தாயகம் அட்லாண்டிக் பெருங்கடலில் உள்ள கேனரித் தீவுகள், மதேரா, அசோர்ஸ். அங்கே பருவங்கள் ஒழுங்காக வந்துபோகின்றன. வசந்தத்தில் ஆண் இடம்பிடித்து, பெண்ணை அழைத்து, உரக்கப் பாடுகிறது. அதன் பாட்டின் அமைப்பே வேறு. ஓர் அசையை எடுத்துக்கொண்டு பலமுறை அடுக்கிப் பாடும். அடுத்த அசைக்குத் தாவி அதையும் அடுக்கும். இப்படித் தொடர் தொடராகப் பல நொடிகள் நீளும். ஓர் ஆணிடம் இருபது முப்பது அசை வகைகள் இருப்பது சாதாரணம். வேகமான தொடரில் ஒரு நொடிக்கு முப்பது அசை வரைகூட வரும். அப்படி வரும்போதும் ஒவ்வோர் அசைக்கும் இடையில் பறவை ஒரு குறுமூச்சு இழுத்துக்கொள்கிறது. ரோடெரிக் சதர்ஸும் அவருடைய குழுவினரும் மூச்சுப் பைகளின் அழுத்தத்தை அளந்து 1980களின் இறுதியில் இதைக் காட்டினார்கள்.

இந்த இரண்டு பாட்டுகளில் எது உயர்ந்தது என்ற கேள்விக்கு இங்கே இடமில்லை. ஒன்று சுருக்கத்தையும் துல்லியத்தையும் நம்புகிறது. மற்றது விரிவையும் புதுமையையும். ஒவ்வொன்றும் அதன் பெண்ணின் காதுக்காக வடிவெடுத்தது. ஜீப்ரா ஃபின்ச் தனியே இருக்கும்போது பாடும் பாட்டைவிடப் பெண்ணைப் பார்த்துப் பாடும் பாட்டில் பிசிறு குறைவு. கேனரிப் பெண்களுக்கோ, இரு சுரங்கள் சேர்ந்த அசை மிக வேகமாக அடுக்கப்படும்போது மயக்கம் கூடுகிறது என்று பிரான்சில் எரிக் வாலே, மிஷேல் க்ரூட்ஸர் ஆகியோரின் ஆய்வுகள் காட்டின.

மூளைக்குள் ஒரே பாதை

கேட்டுக் கற்கும் திறன் எல்லாப் பறவைகளுக்கும் வாய்க்கவில்லை. பாடும் பறவைகள், கிளிகள், அமெரிக்க ரீங்காரச் சிட்டுகள் ஆகிய மூன்று குழுக்களில்தான் அது நன்கு உறுதிப்பட்டிருக்கிறது. கோழிக்குஞ்சு கூவக் கற்பதற்குச் சேவலைக் கேட்க வேண்டியதில்லை. ஜீப்ரா ஃபின்ச்சும் கேனரியும் கேட்டே ஆக வேண்டும்.

இரண்டின் மூளையிலும் பாட்டுக்கு இரண்டு வழிகள் இருக்கின்றன. முதலாவது, பாட்டை நிகழ்த்தும் வழி. முன்மூளையின் மேற்பகுதியில் எச்.வி.சி என்று ஆய்வாளர்கள் அழைக்கும் திரள் இருக்கிறது. அதிலிருந்து ஆர்.ஏ என்ற திரளுக்குக் கட்டளை போகிறது, ஆர்.ஏயிலிருந்து மூளைத்தண்டு வழியாகக் குரலுறுப்பின் தசைகளுக்கும் மூச்சுத் தசைகளுக்கும் போகிறது. இரண்டாவது, கற்றலுக்கான சுற்றுவழி. எச்.வி.சியிலிருந்து ஏரியா எக்ஸ் என்ற அடிமூளைப் பகுதிக்குச் சென்று, தலமஸைத் தொட்டு, எல்மேன் என்ற திரளை அடைந்து, அங்கிருந்து ஆர்.ஏக்குத் திரும்புகிறது. முதல் வழி பாட்டைச் சொல்கிறது. இரண்டாவது வழி, பாட்டில் சிறு சிறு மாறுதல்களை நுழைத்து, எது நன்றாக வந்தது என்று சோதித்துப் பார்க்க வழிசெய்கிறது.

இந்தப் பாதையின் நுணுக்கத்தை நமக்குக் காட்டியது பெரும்பாலும் ஜீப்ரா ஃபின்ச்தான். மாறாத பாட்டு என்பதால் அளப்பது எளிது. 2002இல் ரிச்சர்ட் ஹான்லோசர், அலெக்ஸாண்டர் கோஷெவ்னிகோவ், மைக்கேல் ஃபீ மூவரும் பாடிக்கொண்டிருக்கும் பறவையின் எச்.வி.சியிலிருந்து தனித்தனி நரம்பணுக்களின் மின்துடிப்பைப் பதிவு செய்தார்கள். ஆர்.ஏக்குக் கட்டளை அனுப்பும் ஒவ்வொரு நரம்பணுவும் ஒரு கோவைக்கு ஒரே ஒரு முறை, ஏறத்தாழ 6 மில்லிநொடி மட்டும் துடித்தது. அடுத்த கோவையிலும் அதே இடத்தில் துடித்தது. 2008இல் மைக்கேல் லாங்கும் ஃபீயும் எச்.வி.சியைச் சற்றே குளிர்வித்தார்கள். பாட்டின் சுரம் கெடவில்லை. முழுப் பாட்டும் ஒரே சீராக மெதுவானது. பாட்டின் காலக்கணக்கு எச்.வி.சிக்குள் இருக்கிறது என்பதற்கு இதைவிட நேரடியான சான்று கிடைப்பது அரிது.

கேனரியிடம் இதே திரளைக் கேட்டால் வேறு பதில் வருகிறது. 2020இல் ‘நேச்சர்’ இதழில் டிமோத்தி கார்ட்னரின் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், எச்.வி.சி நரம்பணுக்கள் இப்போது பாடும் அசையை மட்டும் பொறுத்துத் துடிக்கவில்லை. இதற்கு முன் எந்தத் தொடர் வந்தது, அதற்கும் முன் எது வந்தது என்பதையும் பொறுத்துத் துடித்தன. ஒரே பாதையில்தான் இரண்டு வேலையும் நடக்கின்றன. ஃபின்ச்சின் எச்.வி.சி ஒரு வரிசையைப் பிசகாமல் ஓட்டுகிறது. கேனரியின் எச்.வி.சியோ, அடுத்து எந்தக் கிளையில் திரும்புவது என்பதற்காக வந்த வழியை நினைவில் வைத்திருக்கிறது.

கற்கும் காலம்

ஜீப்ரா ஃபின்ச் குஞ்சின் கற்றலில் இரண்டு கட்டங்கள் உண்டு. முட்டையிலிருந்து வந்த 25ஆம் நாள் முதல் 65ஆம் நாள் வரை ஏறத்தாழ, தந்தையின் பாட்டைக் கேட்டு நினைவில் பதிக்கிறது. 35ஆம் நாள் வாக்கில் தானே ஒலி எழுப்பிப் பார்க்கத் தொடங்குகிறது. முதலில் வருவது வடிவமற்ற மழலை. அந்த மழலைக்கு எச்.வி.சி தேவையில்லை, எல்மேன்தான் தேவை என்று 2008இல் டிமித்ரி அரோனோவும் உடன் ஆய்வாளர்களும் கண்டது இந்தத் துறையின் அழகான கண்டுபிடிப்புகளில் ஒன்று. 90ஆம் நாள் நெருங்கும்போது பாட்டு உறைந்துவிடுகிறது.

யாரிடமிருந்து கற்கிறது என்பதும் முக்கியம். ஜெர்மானிய ஆய்வாளர் கிளாஸ் இம்மெல்மன் 1960களில் ஜீப்ரா ஃபின்ச் குஞ்சுகளை பெங்காலீஸ் ஃபின்ச் என்ற வேற்றினப் பெற்றோரிடம் வளர்த்தார். அருகிலிருந்த கூண்டுகளில் சொந்த இனத்தின் பாட்டு காதில் விழுந்தபோதும், ஊட்டி வளர்த்த தந்தையின் பாட்டையே அவை கற்றன. காது கேட்பதையெல்லாம் மூளை எடுத்துக்கொள்வதில்லை. உறவு எங்கே இருக்கிறதோ அங்கிருந்து எடுக்கிறது.

கேனரியின் அட்டவணை நீளமானது. முதல் கோடையில் மழலை தொடங்கி, இலையுதிர்காலம், குளிர்காலம் முழுக்க வளைந்து நெளிந்து, அடுத்த வசந்தத்துக்குச் சற்று முன்புதான் நிலைபெறுகிறது. இனப்பெருக்கம் முடிந்ததும் அந்த நிலை தளர்கிறது. கோடை முடிவில் பாட்டு மறுபடி பிசிறடிக்கிறது, சில அசைகள் போய்விடுகின்றன, புதியவை வருகின்றன. இரண்டாம் வசந்தத்தில் அதே ஆணைக் கேட்டால், பழைய அசைகளும் புதியவையும் கலந்த, பொதுவாக இன்னும் வளமான பாட்டு கிடைக்கிறது. ஃபின்ச் வாழ்நாளில் ஒரே ஒரு முறை கடக்கும் இளமையைக் கேனரி ஒவ்வோர் ஆண்டும் ஒரு பருவத்துக்குத் திரும்ப அடைகிறது என்று சொல்லத் தோன்றுகிறது.

காது போனால்

கேட்டலுக்கும் பாடலுக்கும் உள்ள உறவை முதலில் துல்லியமாக வகுத்தவர் மசகாசு கோனிஷி. 1965இல் அவர் வெண்கொண்டைச் சிட்டுகளில் செய்த ஆய்வு ஒரு முக்கியமான முடிவைத் தந்தது. மாதிரிப் பாட்டை முன்பே கேட்டிருந்தாலும், தானே பாடிப் பழகுவதற்கு முன் செவிடாக்கப்பட்ட பறவையால் அதைப் பாட முடியவில்லை. நினைவு மட்டும் போதாது; நினைவோடு தன் குரலை ஒப்பிட்டுக் கேட்க வேண்டும். பாட்டு நிலைபெற்ற பின் செவிடான சிட்டுகள் நெடுநாள் அதைத் தக்கவைத்துக்கொண்டன. ஆகவே பாட்டு உறைந்த பின் காது தேவையில்லை என்ற எண்ணம் வேரூன்றியது.

ஒருமுறை மட்டும் கற்கும் பறவைக்கு அந்த எண்ணம் கச்சிதமாகப் பொருந்தும் என்று பலரும் நம்பினார்கள். 1992இல் கேத்தி நார்டீனும் எர்னஸ்ட் நார்டீனும் வெளியிட்ட ஆய்வு அந்த நம்பிக்கையை அசைத்தது. வளர்ந்த ஜீப்ரா ஃபின்ச்களின் கேட்கும் திறனை நீக்கியபோது பாட்டு உடனே மாறவில்லை. வாரங்கள் செல்லச் செல்ல அசைகள் உருக்குலைந்தன. நான்கு மாதம் ஆனபோது, பழைய அசைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் சரியாக வந்தது. கீர்த்தனை மனப்பாடமான பின்னும் வித்வான் தம்புராவை நிறுத்தச் சொல்வதில்லை. அதுபோல, இந்தப் பறவையும் பாடிய ஒவ்வொரு முறையும் தன் குரலைக் கேட்டுச் சரிபார்த்து வந்திருக்கிறது.

1999இல் அந்தோனி லியோனார்டோவும் கோனிஷியும் இன்னொரு வழியில் இதையே காட்டினார்கள். பறவையின் காதைத் தொடாமல், பாடும்போதே அதன் குரலைச் சற்றுத் தாமதித்து ஒலிபெருக்கியில் திருப்பி ஒலிக்கச் செய்தார்கள். வாரக்கணக்கில் இப்படிக் கேட்டதும், உறைந்ததாகக் கருதிய பாட்டு திக்கவும் உடையவும் தொடங்கியது. குழப்பும் ஒலியை நிறுத்திச் சில மாதங்கள் ஆனதும் பழைய பாட்டு திரும்பியது. அப்படியானால் பழைய மாதிரி மூளையில் அழியாமல் இருந்திருக்கிறது.

இதில் இன்னும் வியப்பானது அடுத்த படி. 2000இல் மைக்கேல் பிரெய்னார்டும் ஆலிசன் டூப்பும் எல்மேன் திரளை முன்பே செயலிழக்கச் செய்த பறவைகளைச் செவிடாக்கினார்கள். அவற்றின் பாட்டு கெடவில்லை! காது இல்லாததால் பாட்டு தானாகத் தேய்ந்துபோவதில்லை. சரியான ஒலி திரும்பி வராதபோது, கற்றலுக்கான சுற்றுவழி ‘தவறு நேர்கிறது’ என்று கொண்டு பாட்டைத் திருத்த முயல்கிறது. ஒப்பிட ஏதும் இல்லாத அந்தத் திருத்தமே பாட்டைக் குலைக்கிறது. வளர்ந்த ஃபின்ச்சின் மூளையில் கற்கும் இயந்திரம் நின்றுவிடவில்லை. திருத்த வேண்டியது இல்லாததால் அமைதியாக இருந்திருக்கிறது, அவ்வளவுதான். 2016இல் விக்ரம் கடாகரும் ஜெஸ்ஸி கோல்ட்பெர்க்கும் உடன் ஆய்வாளர்களும், ஏரியா எக்ஸுக்கு டோபமைன் என்ற வேதிப்பொருளைத் தரும் நரம்பணுக்களையே பதிவு செய்தார்கள். அசை கெட்டதாகக் காதில் விழுந்தால் அவற்றின் துடிப்பு அடங்கியது; கெடும் என்று எதிர்பார்த்த இடத்தில் நன்றாக வந்தால் துடிப்பு எழுந்தது.

வயதும் இதில் தலையிடுகிறது. இளம் ஃபின்ச்களின் பாட்டு செவிடான சில வாரங்களில் மாறத் தொடங்கும். இரண்டு வயதைக் கடந்தவற்றின் பாட்டு ஓராண்டுக்கு மேலும் தாக்குப்பிடிக்கிறது என்று லொம்பார்டினோவும் நோட்டபோமும் 2000இல் கண்டார்கள். பாடிப் பாடி ஊறிய பாட்டு காதின் துணையை மெல்ல மெல்லக் குறைவாகக் கேட்கிறது.

கேனரியிடம் கேட்டலின் பங்கு வேறு முகம் காட்டுகிறது. குஞ்சாக இருக்கும்போதே செவிடான கேனரிக்கு அசை வகைகள் மிகக் குறைவாகவே அமைந்தன. இருப்பவையும் கரடுமுரடாக இருந்தன. 1970களில் பீட்டர் மார்லரும் மேரி சூ வேசரும் செய்த ஆய்வுகளில் இது தெளிவானது. ஆனால் ஓர் அசையை அடுக்கி, பிறகு அடுத்ததற்குத் தாவும் கேனரி ஒழுங்கு செவிட்டுப் பறவையிடமும் பெருமளவு எஞ்சியிருந்தது. 1981இல் ஹான்ஸ் ரூடால்ஃப் குட்டிங்கர் இதை விரிவாகக் காட்டினார். ஃபின்ச் காதை இழந்தால் உள்ளடக்கமும் வரிசையும் சேர்ந்தே சிதைகின்றன; கேனரி இழந்தால் உள்ளடக்கம் வறண்டு, எலும்புக்கூடு மட்டும் நிற்கிறது.

இந்த முடிவுகள் அனைத்துக்கும் பின்னால், கேட்கும் திறனை இழந்த பறவைகள் இருக்கின்றன. பாட்டையே வாழ்வாகக் கொண்ட உயிரிடமிருந்து ஒலியை எடுத்துக்கொண்டுதான் இவ்வளவையும் அறிந்தோம். அந்தக் கடனை உணராமல் இந்த அறிவைக் கொண்டாடுவது எனக்கு முறையாகப் படவில்லை. அண்மைக் காலத்தில் காதைக் கெடுக்காமல், சிறு செவிபேசிகளைப் பொருத்தியும், குறிப்பிட்ட அசையின்மேல் மட்டும் இரைச்சலைப் போர்த்தியும், திரும்பப் பெறக்கூடிய வழிகளில் கேள்வி கேட்கிறார்கள். அந்த மாற்றம் மனதுக்கு நிறைவு தருகிறது.

நிலைக்கும் மூளை, புதுப்பிக்கும் மூளை

1981இல் நோட்டபோம் வசந்தத்திலும் இலையுதிர்காலத்திலும் ஆண் கேனரிகளின் மூளையை அளந்தார். எச்.வி.சி வசந்தத்தில் 99 சதவீதமும், ஆர்.ஏ 76 சதவீதமும் பெரிதாக இருந்தன. பாட்டு ஓங்கும்போது அதன் இருப்பிடமும் விரிகிறது. பாட்டு தளரும்போது சுருங்குகிறது.

இரண்டு ஆண்டுகள் கழித்து, 1983இல், ஸ்டீவன் கோல்ட்மனும் நோட்டபோமும் இதைவிடப் பெரிய செய்தியைச் சொன்னார்கள். வளர்ந்த கேனரியின் எச்.வி.சியில் புதிய நரம்பணுக்கள் பிறந்து சேர்கின்றன! வளர்ந்த மூளையில் புதிய நரம்பணுக்கள் தோன்றுவதில்லை என்பது அன்று பாடப்புத்தகம் சொன்ன உண்மை. ஜோசஃப் ஆல்ட்மன் 1960களில் எலிகளில் கண்டதைச் சொன்னபோது உலகம் காது கொடுக்கவில்லை. கேனரி கேட்க வைத்தது. 1984இல் ஜான் பேட்டனும் நோட்டபோமும், அந்தப் புதிய அணுக்கள் ஒலி கேட்டதும் மின்துடிப்புக் காட்டுகின்றன என்பதையும் பதிவு செய்தார்கள். வெறுமனே வந்து குடியேறியவை என்று இனி ஒதுக்க முடியவில்லை. பின்னர் ஜான் கர்ன் முதலானோர், கோடை முடிவில் பழைய அணுக்கள் அதிகம் இறப்பதையும், இலையுதிர்காலத்தில் புதியவை அதிகம் சேர்வதையும் கண்டார்கள். பாட்டு கலைந்து மறுபடி கூடும் காலமும் அதுதான்.

ஜீப்ரா ஃபின்ச்சின் எச்.வி.சியிலும் புதிய அணுக்கள் சேர்கின்றன. கற்கும் காலத்தில் ஏராளமாக, பின்னர் ஆண்டுக்காண்டு குறைவாக. அதற்குப் பருவம் இல்லை. ஆனால் தேவை வந்தால் அந்தச் சேர்க்கை வேகம் எடுக்கிறது. 2000இல் கான்ஸ்டன்ஸ் ஷார்ஃப் முதலானோர், ஆர்.ஏக்குக் கட்டளை தரும் எச்.வி.சி அணுக்களை மட்டும் குறிவைத்து அழித்தார்கள். புதிய அணுக்கள் கூடுதலாக வந்து சேர்ந்தன. பாட்டு கெட்டுப்போன பறவைகளில் சில மூன்று மாதங்களில் பெருமளவு மீண்டன. கேனரி புதிய அணுக்களைக் கொண்டு புதிய பாட்டைக் கட்டுகிறது; ஃபின்ச் புதிய அணுக்களைக் கொண்டு பழைய பாட்டையே மீட்கிறது. பொருள் ஒன்று, பயன் இரண்டு.

பெண் பறவையின் சாட்சி

பெண் பறவைகளைப் பார்த்தால் வேறுபாடு இன்னும் கூர்மையாகிறது. வளர்ந்த கேனரிப் பெண்ணுக்கு டெஸ்டோஸ்டெரோன் கொடுத்தால் எச்.வி.சி பெரிதாகி, ஆண்போலப் பாடத் தொடங்குகிறது. மூளையின் வாசல் அவளுக்கும் திறந்தே இருந்திருக்கிறது. வளர்ந்த ஜீப்ரா ஃபின்ச் பெண்ணுக்கு அதே ஹார்மோனைக் கொடுத்தால் பாட்டு வருவதில்லை. குஞ்சாக இருந்தபோதே ஈஸ்ட்ரடையால் என்ற ஹார்மோனைப் பெற்ற பெண்களால்தான் பின்னாளில் பாட முடிந்தது என்று மார்க் கர்னியும் கோனிஷியும் 1980இல் காட்டினார்கள். ஆணின் பாட்டைப் போலவே பெண்ணின் மூளையும் இளமையிலேயே இறுகிவிடுகிறது.

கேட்காமலே இருக்கும் ஒழுங்கு

கற்றல் என்றால் வெற்றுத் தாளில் எழுதுவது என்று எண்ணக்கூடாது. இரண்டு பறவைகளும் இதை இரண்டு வழியில் உணர்த்துகின்றன.

2005இல் கார்ட்னர், ஃபெலிக்ஸ் நாஃப், நோட்டபோம் மூவரும், தனித்து வளர்ந்த கேனரிக் குஞ்சுகளுக்குக் கணினியில் செய்த விநோதமான பாட்டுகளைக் கேட்க வைத்தார்கள். கேனரி ஒழுங்கு எதுவும் அவற்றில் இல்லை. குஞ்சுகள் அவற்றை வியக்கத்தக்க துல்லியத்தோடு பாடின. ஆனால் இனப்பெருக்கப் பருவம் நெருங்கியதும், அதே அசைகளை எடுத்து அடுக்கித் தொடராக்கி, கேனரி முறைக்கு மாற்றிக்கொண்டன. சுதந்திரம் இளமைக்கு, விதி பருவத்துக்கு.

2009இல் ஓல்கா ஃபேஹர், ஓஃபர் செர்னிகோவ்ஸ்கி முதலானோர், மாதிரி கேளாமல் வளர்ந்து விகாரமாகப் பாடும் ஜீப்ரா ஃபின்ச்சை ஆசானாக்கினார்கள். சீடர்கள் அந்தப் பாட்டைச் சற்றே திருத்திக் கற்றன. அவற்றின் சீடர்கள் மேலும் திருத்தின. மூன்று நான்கு தலைமுறையில் பாட்டு காட்டுப் பறவையின் பாட்டை ஒத்துவிட்டது. கேனரி ஒரே வாழ்நாளுக்குள் செய்யும் திருத்தத்தை ஃபின்ச் பரம்பரையாகச் செய்கிறது. ஒரு முறை உறைந்த பாட்டை மாற்ற முடியாத பறவைக்கு, அடுத்த தலைமுறையே இரண்டாம் வாய்ப்பு.

ஒப்பீட்டின் எல்லை

இந்த ஒப்பீட்டை எச்சரிக்கையோடு பயன்படுத்த வேண்டும். நோட்டபோம் ஆய்வகத்தின் கேனரிகள் பெரும்பாலும் பெல்ஜிய வாட்டர்ஸ்லாகர் வகை. நீரோட்டம்போல ஒலிக்கும் தாழ்ந்த சுரப் பாட்டுக்காகத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்க்கப்பட்டவை. ராபர்ட் டூலிங்கும் கசுவோ ஒகனோயாவும் அவற்றின் கேட்கும் திறனைச் சோதித்தபோது, 2 கிலோஹெர்ட்ஸுக்கு மேலான ஒலிகளில் 20 முதல் 40 டெசிபல் வரை குறை இருந்தது. உட்செவியின் மயிரணுக்களில் பரம்பரைக் குறை. தாழ்ந்த பாட்டை விரும்பி வளர்த்த மனிதர், அறியாமலே உயர்ந்த ஒலி கேளாத காதையும் வளர்த்துவிட்டார்கள். இந்த வகையிடம் இடப்பக்கக் குரலுறுப்பே பாட்டின் பெரும்பகுதியைச் சுமக்கிறது. மற்றக் கேனரிகள் இரண்டு பக்கத்தையும் கணிசமாகப் பயன்படுத்துகின்றன என்று சதர்ஸ் பின்னர் காட்டினார். காது மாறியதும் பாடும் முறையும் மாறியிருக்கிறது.

காட்டுக் கேனரியும் ஒரு திருத்தம் சொல்கிறது. மதேராவுக்கு அருகிலுள்ள சிறு தீவொன்றில் ஸ்டெஃபன் லைட்னர், மான்ஃபிரட் கார் முதலானோர் செய்த ஆய்வில், பாட்டு பருவத்தோடு மாறியது. சில அசைகள் மறைந்து அடுத்த வசந்தத்தில் திரும்பின. ஆனால் பாட்டுத் திரள்களின் பருமனில் கூண்டுக் கேனரியிடம் கண்ட அந்தப் பெரிய ஏற்றத்தாழ்வு இல்லை. பாட்டு மாற மூளை வீங்கிச் சுருங்கித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. உள்ளே இருப்பதை எழுப்புவதும் உறங்க வைப்பதும்கூடப் போதும்.

இரண்டும் சேர்ந்து சொல்வது

ஃபின்ச் நிலையானது, கேனரி மாறுவது என்ற பிரிவினை மேலோட்டமாகச் சரிதான். உள்ளே போனால் இரண்டும் ஒரே செயலின் இரண்டு நிலைகள். இரண்டு மூளையிலும் தன் குரலைக் கேட்டு எடைபோடும் சுற்றுவழி ஆயுள் முழுக்க விழித்திருக்கிறது. கேனரி அதற்கு ஆண்டுக்கொரு முறை இடம் கொடுத்துப் பாட்டைத் தளர்த்துகிறது. ஃபின்ச் அதே சுற்றுவழியைக் கொண்டு பாட்டைக் காவல் காக்கிறது. கேட்டலை நிறுத்திய மறுகணமே காவல் போய்விடுவதில்லை. ஆனால் நாள்பட நாள்பட அது பொய்த்துப்போகிறது.

இது நம்மையும் தொடும் உண்மை. பேச்சு கைவந்த பின் கேட்கும் திறனை இழந்தவர்கள் தொடர்ந்து பேசுகிறார்கள். ஆனால் ஆண்டுகள் செல்ல, குரலின் ஏற்றமும் உரப்பும் சில மெய்யெழுத்துகளின் ஒலிப்பும் இடம் மாறுவதைக் கேட்பியல் மருத்துவர்கள் நன்கறிவர். கேட்கும் குறைபாட்டைக் குழந்தைப் பருவத்தில் விரைந்து கண்டறிவது எவ்வளவு அவசியம் என்று ஃபின்ச்சின் 90 நாள் சொல்கிறது. பெரியவர்களின் கேட்கும் குறையையும் ‘வயதாகிவிட்டது’ என்று தள்ளிவிடாதீர்கள் என்று அதே ஃபின்ச்சின் இரண்டாம் பாடம் சொல்கிறது. வளர்ந்த மூளைக்கும் மறுபடி கற்கும் பருவங்கள் வாய்க்கலாம் என்ற நம்பிக்கையை முதலில் தந்தது கேனரி. இரண்டில் எதை விட்டாலும் பாதி உண்மைதான் கையில் இருக்கும். கற்பதற்கும் கற்றதைக் காப்பதற்கும் காது ஒன்றே வழி என்பதை இரண்டையும் சேர்த்துக் கேட்டவர்களே அறிந்தார்கள்.